சிவக்காத நாற்பத்தொன்று

ஜனவரி 6, திங்கள்

கோரைமுனைக்கு வந்து சேர்ந்தோம். தொண்டியிலிருந்து தெற்கே மினிபஸ்ஸில் அரை மணி நேரம். யாரோ இறால் பண்ணைக்காரர் கட்டி, பிறகு விட்டுப்போன இரண்டு அறைக் கட்டடம். கல்லூரி அதை வாடகைக்கு எடுத்து 'கள ஆய்வு நிலையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறது. போர்டில் பாதி எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது.

இந்த டைரி போன வருடத்துடையது. அப்பா வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் விற்காமல் மிஞ்சியது. கிழமைகளை அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

அறையில் நானும் ஜெனிட்டா அக்காவும் மட்டும். நான் திட்ட உதவியாளர், சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா பிஎச்.டி. ஆறாம் வருடம், நாகர்கோவில் பக்கம். இதற்குமேல் நீட்டிப்பு கிடையாதாம். பிப்ரவரி கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது இதழுக்குப் போயிருக்க வேண்டும். பேருந்தில் இதை எனக்குச் சொல்லிவிட்டு உடனே தூங்கிப்போனார். நானாக இருந்தால் தூக்கம் வந்திருக்காது.

நாங்கள் படிப்பது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உயிர்போல் வாழ்வது. பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது, பூஞ்சை வீடு கட்டித் தருகிறது. ஆனால் வகைப்படுத்தும்போது பூஞ்சையின் பெயரைத்தான் வைக்கிறார்கள். "வீட்டுக்காரன் பேருலதான பிள்ளே ரேஷன் கார்டு இருக்கும்" என்றார் அக்கா.

எங்களுடையது ரொக்செல்லா என்ற பேரினம். கடற்காற்று படுகிற மரத்திலும் பாறையிலும்தான் வளரும். சாம்பல் நிறத்தில் நாடா நாடாவாகத் தொங்கும். படகு ஓட்டும் ரெமிஜியுஸ் அண்ணன் இதை "மரத்துக்கு முளைச்ச தாடி" என்கிறார். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் காட்டினார்களே, வகுப்புக்கு ஒரே துண்டு, அந்தச் சாயமே இந்தப் பேரினத்துக்காரர்களிடமிருந்து எடுத்ததுதான் என்று அக்கா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.


ஜனவரி 8, புதன்

காலை ஆறுக்குப் படகு. அலையாத்திக் காட்டுக்குள் மூன்று கால்வாய் தாண்டிப் போனோம். கடல்நீர் வற்றியிருந்த நேரம். இறங்கினால் தொடை வரை சேறு. அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சு மருந்தைக் கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "ஏசுவே, இந்த நண்டுகளுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கத்திக்கொண்டே முன்னால் போனார். ரெமி அண்ணன் படகிலிருந்தே, "நண்டும் அதைத்தான் கேக்குது டீச்சர்" என்றார்.

அக்கா லைக்கனைப் பிரித்தெடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கத்தியைப் பட்டையோடு படுக்க வைத்து, அடி ஒட்டியிருக்கும் இடத்துக்கும் கீழே விட்டு, மரத்துக்கு நோகாமல் எடுப்பார். அடியில் உள்ள நிறம் தெரிய வேண்டும், இனம் பிரிக்க அதுவும் ஒரு அடையாளம். அவர் எடுத்ததில் ஒன்றுகூட உடையவில்லை. நான் எடுத்ததில் நான்கு உடைந்தன.

மூன்றாவது கால்வாயில் உள்ளே தள்ளி நின்ற மரங்களில் இருந்தவை வேறுமாதிரி தெரிந்தன. மெலிந்து, வெளிறி, நூலைப்போல. சொல்லலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, "எதுக்கு நிக்கே?" என்றார். நான் கையை மட்டும் நீட்டினேன். அவர் கிட்டே போய் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். நீர் ஏற ஆரம்பித்து ரெமி அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

அந்த மரங்களிலிருந்து மட்டும் நாற்பத்தொரு பொட்டலம்.


ஜனவரி 9, வியாழன்

பொட்டலங்களைக் காயவைத்தேன். நீலப் பாவாடையில் சேற்றுக்கறை போகவில்லை.


ஜனவரி 10, வெள்ளி

அக்கா பல்வலியோடு ராமநாதபுரம் போனார். துளிச் சோதனையை நான் தனியாகச் செய்தேன். ப்ளீச்சிங் பவுடர் நாற்றம் அக்காவுக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால் இந்த வேலை எப்போதுமே என்னுடையதுதான்.

சோதனை எளிது. ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் ஒரு சொட்டை லைக்கன்மேல் விட வேண்டும். இந்தக் கடற்கரையில் எங்கும் காணப்படும் ரொக்செல்லாவாக இருந்தால் மேல்தோல் அந்த நொடியே சிவக்கும். சிவக்காவிட்டால் அது வேறு இனமாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் முதல் சொட்டை, ஏற்கெனவே பெயர் தெரிந்த ஒரு பழைய துண்டின்மேல் விட்டு அது சிவக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிவந்தால் திரவம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பதிவேட்டின் முதல் கட்டத்தில் அதற்கு ஒரு டிக்.

பழைய துண்டுகள் இருக்கும் பிஸ்கட் டப்பா அக்காவின் பைக்குள் இருந்தது. பை அவருடைய கட்டில்மேல். நான் அடுத்தவர் பையைத் திறப்பதில்லை.

பதினொரு மணிக்கு ஆரம்பித்து நான்கு மணிக்கு முடித்தேன். நாற்பத்தொன்றில் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. பதிவேட்டில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். வெற்றிடம் இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

சாயங்காலம் கன்னம் வீங்கி வந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.


ஜனவரி 11, சனி

அக்கா பதிவேட்டைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"பிள்ளே, நாப்பத்தொண்ணும் நெகட்டிவ்வா?"

"ஆமாக்கா."

"பழைய துண்டு சிவந்துச்சுல்லா?"

தலையாட்டினேன்.

அவர் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, என் பாட்டிலிலிருந்தே இரண்டு மாதிரிகளுக்கு மறுபடி சொட்டு விட்டுப் பார்த்தார். சிவக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பல்வலியெல்லாம் மறந்து ஆறு இட்லி சாப்பிட்டார்.

மத்தியானம் முழுக்க இனம்காணும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினோம். எனக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில்கள். தட்டையா, உருண்டையா? பொடி உண்டா, இல்லையா? சிவக்குமா, சிவக்காதா? யாரும் நம் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயர் நிற்கும். இன்று எங்களுக்கு எந்தப் பெயரும் நிற்கவில்லை.

"அப்போ இது யாரும் பேரு வைக்காததாக்கும்" என்றார் அக்கா, மிகவும் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன்.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. நுண்ணோக்கிப் படங்கள் முப்பத்திரண்டு.


ஜனவரி 17, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

அக்கா கட்டுரையின் தலைப்பைத் தட்டச்சு செய்துவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினார். ரொக்செல்லா காளீஸ்வரியே.

எனக்குப் புரியவில்லை. "யாருக்கா அது?" என்று கேட்டேன்.

"எந்த ஊரு காளீஸ்வரி இங்க இருக்கா? நீதான். பொம்பளப் பேரு வெச்சா கடைசில அந்த 'யே'ங்குற வால் சேரும், அதாக்கும் விதி."

"நான் ஒண்ணும் செய்யலியேக்கா."

"நின்னியே. நான் தாண்டிப் போயிட்டேன், நீ நின்ன. அவனவன் தனக்குத் தானே பேரு வெச்சுக்கக் கூடாது, அடுத்தவங்கதான் வைக்கணும். நான் வைக்கேன். உனக்கென்ன?"

தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குழாயில் இன்று தண்ணீர் வராத நாள். சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். காளீஸ்வரியே. யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது நான்தான். ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் போக எங்கள் வீட்டில் யார் பெயரும் எதிலும் வந்தது கிடையாது.


ஜனவரி 19, ஞாயிறு

அப்பாவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"உம்பேர்ல செடியா பாப்பா?"

"செடி இல்லப்பா. பூஞ்சை."

"பூசணமா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, எதுவா இருந்தா என்ன. எம்புட்டு நாளைக்கு இருக்கும் அந்தப் பேரு?"

"எப்பவும் இருக்கும்பா. மாத்த மாட்டாங்க."

அந்தப் பக்கம் எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போல. பிறகு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.


ஜனவரி 23, வியாழன்

மினிபஸ் கண்டக்டர் ஒரு பார்சல் கொடுத்தார். அப்பா அனுப்பியது. கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டி மிஞ்சிய தடித்த தாளில், பொன் நிற எழுத்தில், ஐம்பது அட்டைகள். மேலே லைக்கனின் பெயர், கீழே 'கண்டுபிடித்தவர்: செல்வி ம. காளீஸ்வரி, எம்.எஸ்ஸி.' ஓரத்தில் ரோஜாப்பூ. இன்னும் ஐம்பது அவரிடம் இருக்கிறதாம்.

அக்கா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மருந்தை இழுத்துவிட்டு மறுபடி சிரித்தார். "எட்டி, லைக்கனுக்கு ரோஜாப்பூவா! உங்கப்பா தங்கமான மனுசன்" என்று ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

நானும் சிரித்தேன்.


ஜனவரி 24, வெள்ளி

வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். கட்டுரை முப்பத்தொன்றுக்குள் இதழுக்குப் போய்விட வேண்டும் என்றார். லைக்கனில் இருக்கும் அமிலங்களைப் பிரித்துப் பார்க்கும் பெரிய சோதனைக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மார்ச் மாதம்தான் எங்கள் முறை வரும். அதுவரைக்கும் துளிச் சோதனை போதும், மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா "சரி சார், சரி சார்" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு, "பதிவேடு இவ்வளவு சுத்தமா இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்றார்.


ஜனவரி 27, திங்கள்

காலையில் கோயில் தோப்புப் பனைமரங்களிலிருந்து எடுத்த ஏழு மாதிரிகளுக்குத் துளிச் சோதனை செய்தேன். அவை சாதாரணமாக எங்கும் உள்ளவை, பார்த்தாலே தெரியும்.

ப்ளீச்சிங் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். பவுடர் டப்பாவின் மூடி துருப்பிடித்திருந்தது. அதையும் வெளியே போட்டேன்.

சோற்றில் உப்பு அதிகம் என்றார் அக்கா.


ஜனவரி 28, செவ்வாய்

காற்று. படகு போகவில்லை.


ஜனவரி 29, புதன்

கட்டுரை முடிந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டு எனக்கு முழுவதையும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினார். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்! ஒரு தேவையில்லாத சொல் கிடையாது. ஒரு கிளையின் அகலத்தைச் சொல்ல நூறு இடத்தில் அளந்திருக்கிறார். 'ஏறத்தாழ' என்று எழுத வேண்டிய இடத்தில்கூட எத்தனை கிளை அளந்தார் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். படித்துக்கொண்டே வந்தால் அந்த மரமும் கால்வாயும் சேற்று நாற்றமும்கூட வந்துவிடுகின்றன.

வேதியியல் என்ற பத்தி வந்தது. "நாற்பத்தொரு மாதிரிகளிலும் சிவப்பு நிறம் தோன்றவில்லை. சோதனைத் திரவம் அதே நாளில், இனம் தெரிந்த மாதிரியைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரிதானே?"

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நாளை மாலை அனுப்பப் போகிறார்.

திங்கட்கிழமையைப் பற்றி இங்கே எழுதியது போதாது. பனைமர மாதிரி ஏழும் சிவக்கவில்லை. மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய துண்டை எடுத்து அதன்மேலும் விட்டுப் பார்த்தேன். அதுவும் சிவக்கவில்லை. அந்தத் திரவம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்லூரியிலேயே கரைத்துக் கொண்டுவந்தது. செத்துப்போயிருந்தது. பத்தாம் தேதியும் செத்துத்தான் இருந்திருக்கும். அன்று நான் பழைய துண்டின்மேல் சொட்டு விடவே இல்லை. டிக் மட்டும் போட்டேன்.

எழுதிவிட்டேன். எழுதுவது சொல்வது ஆகாது.


ஜனவரி 30, வியாழன்

காலையில் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எதிரே நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதனால் பதிவேட்டை எடுத்து, பத்தாம் தேதிப் பக்கத்தைத் திறந்து, டிக்கை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 'செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியிட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் படித்தார். ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தது. அதைத் துடைக்கவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே தெரியும்க்கா. செய்யலன்னு. திரவம் செத்துப்போச்சுன்னு திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது."

"ஏன் செய்யல?"

"டப்பா உங்க பைக்குள்ள இருந்துச்சு."

"அதனால?"

"உங்க பையை எப்படிக்கா..."

"பையைத் திறக்க வெக்கமா இருந்துச்சு. பொய் எழுத வெக்கமா இல்ல?"

 அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணக் குரலில்தான் கேட்டார். எழுந்து வெளியே போனார். சன்னலிலிருந்து பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் அங்கும் இங்குமாக நடந்தார். அரை மணி நேரம் இருக்கும். நான் என் துணிகளைப் பையில் மடித்து வைத்தேன். எனக்குத் தோன்றிய ஒரே வேலை அதுதான்.

திரும்பி வந்தவர் பையைப் பார்த்தார். "எங்க போறே? நாப்பத்தொண்ணையும் யாரு செய்வா? எனக்கு இழுக்கும்னு தெரியும்லா?" என்றார். "புது ப்ளீச்சிங் பவுடர் இங்க யார்ட்ட கிடைக்கும்?"

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். தொட்டியில் மருந்து கலக்கிற ஆள், "ஆராய்ச்சிக்கு ப்ளீச்சிங் பவுடரா? கக்கூஸையா ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "மூட்டை எப்போ பிரிச்சீங்க?" என்று கேட்டார். நேற்று என்றார் அவர். ஒரு டம்ளர் வாங்கி வந்தோம்.

புதிதாகக் கரைத்துத் தெளியவைத்தேன். அக்கா இரண்டு துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, வாசற்படியில், காற்று வருகிற பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேண்டாம், உள்ளே வராதீர்கள் என்றேன். "பார்க்கணும்" என்றார்.

முதலில் பழைய துண்டு. சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு குபுக்கென்று எழுந்தது. பதிவேட்டின் முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு ஒன்றாம் எண். சிவப்பு.

இரண்டு, சிவப்பு. மூன்று, சிவப்பு. ஒவ்வொன்றையும் தட்டோடு தூக்கிக் காட்டினேன், அவர் அங்கிருந்தே தலையசைத்தார். நான் பதிவேட்டில் எழுதினேன். பதினொன்றோ பன்னிரண்டோ ஆனபோது அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மருந்தை இழுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இருபது தாண்டியதும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

இருபத்தேழில் அவர் கையை நீட்டித் தட்டை வாங்கினார். வெளிறிய நூல்போன்ற கிளை. அதன் நடுவில் சொட்டு விட்ட இடத்தில் மட்டும் சிவப்பு, இரண்டு பக்கமும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நல்லா இருக்கு பார்த்தியா?" என்றார். "ஆறு வருசமா இந்த வேலை பாக்கேன். இழுக்கும்னு பயந்து, இது சிவக்குறதை நான் ஒழுங்காப் பார்த்ததே இல்ல."

தன் கட்டுரை செத்துக்கொண்டிருக்கும்போது அதைக் கொன்ற நிறத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்ல முடியுமா? நான் பார்த்தேன், அதனால் எழுதிவைக்கிறேன்.

நாற்பத்தொன்றும் சிவந்தன. எல்லாமே நூறு தடவை பெயர் வைத்தாகிவிட்ட, கடற்கரை முழுக்க இருக்கிற, பழைய இனம்தான். உள்ளே நிழலில் நின்ற மரங்கள் என்பதால் மெலிந்து வெளிறியிருக்கின்றன.

கடைசித் தட்டைக் கீழே வைத்ததும், "ஒண்ணாவது சிவக்காதுன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. அப்போதுதான் அழுதார். கொஞ்ச நேரம்தான். நானும் அழுதேன், அவருக்குத் தெரியாமல்.


ஜனவரி 31, வெள்ளி

காலையில் அக்கா பேராசிரியருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அது புது இனம் இல்ல. திரவம் கெட்டுப்போயிருந்துச்சு. மறுபடி செஞ்சோம், எல்லாம் சிவக்குது. நான் சரிபார்த்திருக்கணும். என் தப்பு."

பேராசிரியர், "ஜெனிட்டா, ரெண்டு பேர்ட்ட வெளியில சொல்லிட்டேன்மா. வேதியியல் பத்தியை எடுத்துட்டு, கிளை அகலத்தை மட்டும் வெச்சு எழுதினா என்ன? நூறு அளவு எடுத்திருக்கியே" என்றார்.

"முடியாது சார். நிழல்ல வளர்ந்த மெலிவு அது."

"உனக்கு நீட்டிப்பு கிடையாதுங்கிறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"யார் அந்த டெஸ்ட்டைச் செஞ்சது?"

"என் மேற்பார்வையிலதான் சார் நடந்துச்சு."

சேர்ந்த நாளிலிருந்து நான் பேராசிரியரிடம் பேசியது இரண்டு சொற்கள். 'வணக்கம் சார்.' அவர் என்னைக் கேட்கவும் இல்லை. போன் மேசைமேல் இருந்தது. நான் அதன் பக்கம் குனிந்தேன்.

"சார், காளீஸ்வரி பேசுறேன். நான்தான் செஞ்சேன். சரிபார்க்காமலே சரிபார்த்ததா டிக் போட்டேன். அக்கா கேட்டப்பவும் ஆமான்னுட்டேன். அக்காமேல தப்பு இல்ல."

என் குரல் அந்த அறையில் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேராசிரியர், "நீ ஏப்ரல்ல வேலை தொடர்றியான்னு பிறகு பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நான்தான் பேசிட்டு இருந்தேன்லா, நடுவுல எதுக்கு வாய விடுத?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் டீ போடும்போது எனக்கும் சேர்த்துப் போட்டார்.

ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் போய்விட்டது. பிப்ரவரியில் கொடுக்க முடியாது. பதிவு ரத்தாகும், புதிதாகப் பணம் கட்டிப் பதிய வேண்டும். உதவித்தொகை கிடையாது. ஊரில் ஏதாவது கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கப் போவதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் இன்னும் ஒன்றரை வருடம். என் ஒரு டிக்.


பிப்ரவரி 2, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். புதுசு இல்லை, பழசுதான், என் பெயர் இல்லை என்றேன். யாருடைய தவறு என்பதையும் சொன்னேன்.

"சரி" என்றார். பிறகு, "முப்பத்தேழு அட்டை குடுத்துட்டேனே பாப்பா. ஃபோர்மேன் பூஜை ரூம்ல வெச்சிருக்காரு."

"திருப்பி வாங்கிருங்கப்பா."

"பூஜை ரூம்ல வெச்சதை எப்படிக் கேக்குறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு, உன் அக்கா, சாப்பிடுதா?" என்று கேட்டார்.

சாப்பிடுகிறார் என்றேன்.

"நீ?"


பிப்ரவரி 4, செவ்வாய்

நாளை மறுநாள் கிளம்புகிறோம். மாதிரிகளைக் கல்லூரி உலர்தாவரக் கூடத்துக்கு அனுப்பக் கட்டி வைக்கும் வேலை.

நாற்பத்தொரு பொட்டலங்களிலும் 'ரொக்செல்லா காளீஸ்வரியே, புதிய இனம்' என்று என் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. முதல் சீட்டை நகத்தால் நெம்ப ஆரம்பித்தேன். அக்கா பாய்ந்து கையைப் பிடித்தார்.

"கிழிக்கப்பிடாது! ஒட்டுன சீட்டைக் கிழிக்குற வழக்கமே கிடையாது. தப்புன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குக் கீழ புதுச் சீட்டு ஒட்டணும். சரியான பேரு, இனங்கண்டவர் யாரு, என்னைக்கு. எந்த மியூசியத்துல போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பெரிய பெரிய ஆட்களோட தப்பெல்லாம் அங்க ஒட்டியே இருக்கு."

"அப்போ இது எப்பவும் இருக்குமாக்கா?"

"இருக்கும். நூறு வருசம் கழிச்சு எவளாவது பொட்டலத்தைத் திறப்பா. மேல இருக்குறதைப் படிச்சுச் சிரிப்பா. பொறகு கீழ இருக்குறதைப் படிப்பா."

புதுச் சீட்டுகளை அடுக்கி என் முன்னால் வைத்தார். பெயர், பழைய இனம். தேதி, ஜனவரி முப்பது. இனங்கண்டவர் என்ற இடத்தில் 'ஜெ. ஜெனிட்டா' என்று எழுத ஆரம்பித்தேன்.

"யாரு பேர எழுதுத?"

"உங்க பேருக்கா. உங்க ஆய்வுதானே."

"சொட்டு விட்டது யாரு?"

"நான்."

"நாப்பத்தொண்ணையும் பார்த்து இது பழசுன்னு எழுதுனது யாரு?"

"நான்தான், ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் அந்தக் கட்டத்துல இடம் கிடையாது. பேர எழுது."

ம. காளீஸ்வரி. எழுதினேன். இரண்டாவது சீட்டு. மூன்றாவது. எதிரே அக்கா பொட்டலங்களை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டே, ஊரில் மீன்குழம்புக்கு மாங்காய் போடுவதா புளி ஊற்றுவதா என்று தானாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவது சீட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"என்னது இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? வாசிக்குறவளுக்குக் கண்ணு தெரிய வேண்டாமா?"

பத்தொன்பதிலிருந்து பெரிதாக எழுதினேன்.